இங்கே ஒரு தடவைதான் கேட்பார்கள்

என் அப்பா நாற்பது வருஷம் இஸ்ஃபஹான் கடைத்தெருவில் கம்பளம் விற்றார். விற்றார் என்பது நான் சொல்வது. அவர் வாயால் ஒரு கம்பளத்தைக்கூட விற்றதில்லை. யாராவது விலை கேட்டால் நெஞ்சில் கை வைத்து, "உங்க முன்னால இதுக்கெல்லாம் என்னங்க விலை, எடுத்துட்டுப் போங்க" என்பார். வந்தவர், "அதெப்படிங்க, சொல்லுங்க" என்பார். "சத்தியமா வேண்டாங்க" என்பார் அப்பா. மூன்றாவது தடவை கேட்ட பிறகு, மனசே இல்லாதவர் மாதிரி ஒரு விலை சொல்வார். கேட்டவர் சுவரைப் பிடித்துக்கொள்வார். இப்படி எல்லாக் கம்பளத்தையும் இனாமாகக் கொடுத்தே மனுஷர் மூன்று வீடு கட்டினார்.

இதற்கு எங்கள் நாட்டில் தாரோஃப் என்று பெயர். கொடுக்கிறவன் மூன்று தடவை நீட்ட வேண்டும். வாங்குகிறவன் இரண்டு தடவையாவது வேண்டாம் என்று சொல்ல வேண்டும். முதல் தடவையே கை நீட்டுகிறவனை, பாவம், வீட்டில் சோறு கிடையாது போலிருக்கிறது என்று நினைப்பார்கள்.

நான் டொரோண்டோவுக்கு வந்து யங் தெருவில் கம்பளக் கடை போட்ட முதல் வருஷம், ஒரு அம்மாளிடம் அப்பா மாதிரியே நெஞ்சில் கை வைத்து எடுத்துக்கொண்டு போங்கள் என்றேன். எடுத்துக்கொண்டு போய்விட்டார். காஷானில் கையால் நெய்த, கடையிலேயே விலை கூடின கம்பளம். இருபத்திரண்டு வருஷமாக ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவரிடமிருந்து ஒரு வாழ்த்து அட்டை மட்டும் வருகிறது.

இவ்வளவு பட்டவன், என் தங்கை புருஷன் சியாமக்கை முன்கூட்டியே எச்சரித்திருக்க வேண்டாமா? மறந்துவிட்டேன். அதனால் வந்ததுதான் எல்லாம்.

சியாமக் யஸ்த் ஊர்க்காரர், பலகாரம் செய்கிறவர். யஸ்த்காரர்கள் சாதுக்கள். இஸ்ஃபஹான்காரர்களின் காசு சாமர்த்தியம் பற்றி மற்ற ஊர்க்காரர்கள் என்ன சொல்வார்கள் என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை, பெரும்பாலும் உண்மைதான். என் தங்கை ஃபரீபா எங்கள் அப்பாவின் கடையில் கல்லாப் பலகை மேல் உட்கார்ந்து வளர்ந்தவள். அவர்களும் பதினான்கு வயது மகள் தர்லானும் செப்டம்பரில் வந்து இறங்கினார்கள். பெர்னிஸ் என்ற பாட்டியம்மாள் வீட்டில், தரைக்குக் கீழே இருந்த அடித்தளத்தில் குடி வைத்தேன். சியாமக்குக்கு ஒரு பார்சல் கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை கிடைத்தது. விடியற்காலையில் போய் மதியம் வருவார்.

"அண்ணே, இவர் டிவி பாக்கும்போது மடியில ஒரு தலையணைய வச்சுட்டுப் பெசையறாரு" என்றாள் ஃபரீபா ஜனவரியில் ஒருநாள். "நேத்து என் கம்பளிச் சட்டைய மடிச்சு உருட்டி வச்சிருக்காரு. இன்னும் கொஞ்சம் விட்டா நடுவுல பாதாம் வச்சிருப்பாரு."

"கையில மாவு பட்டு அஞ்சு மாசமாச்சு மச்சான்" என்றார் சியாமக், மன்னிப்புக் கேட்கிற குரலில். அவருடைய விரல்களெல்லாம் பார்சல் ஒட்டுகிற டேப் அறுத்த கீறல்.

அவர்கள் தெரு முனையிலேயே ரோக்கோவின் பேக்கரி இருந்தது. ரோக்கோ இத்தாலிக்காரர், கலாப்ரியா பக்கம். அறுபத்தைந்து வயது, பீப்பாய் உடம்பு. அவர் ஜன்னலில் ஒரு அட்டை தொங்கியது: பலகாரம் செய்ய ஆள் தேவை. நான் போய்ப் பேசினேன். ரோக்கோ ஒரு சனிக்கிழமை சியாமக்கை வரச் சொல்லி, எதையாவது செய்து காட்டச் சொன்னார். சியாமக் பக்லவா செய்தார், மாவுக்கு நடுவே பருப்பு வைத்துப் பாகில் ஊறவைக்கிற இனிப்பு. யஸ்த் பக்லவா சின்னது, கட்டைவிரல் நகமளவு சாய்சதுரம், ஏலக்காயும் பன்னீரும். ரோக்கோ ஏழு துண்டு தின்றதைத் தன் கண்ணால் பார்த்ததாக சியாமக் பிறகு சொன்னார். நான் பார்க்கவில்லை. அந்தத் தெருவில் வண்டியை விட்டு இறங்கினால் அபராதச் சீட்டு ஒட்டிவிடுவார்கள், வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

மனுஷர் கல்யாண மாப்பிள்ளை மாதிரி வெளியே வந்தார். "கேட்டுட்டாரு" என்றார். எனக்குச் சந்தோஷம். என்ன கேட்டார், என்ன சொன்னீர்கள் என்று விசாரிக்கத் தோன்றவே இல்லை. அன்றைக்கு ஃபரீபா புளிப்புப் பழம் போட்ட குங்குமப்பூ சோறு பண்ணினாள். தர்லான் அப்பாவுக்கு ஒரு வெள்ளைத் தொப்பி வாங்கி வந்தாள். நான் மூன்று தட்டு சாப்பிட்டேன்.

புதன்கிழமை கடையிலிருந்து போன் பண்ணினேன். "வேலை எப்படிப் போகுது மாப்ளே?"

"கிடங்குதானே, அப்படியேதான் போகுது."

"பேக்கரி?"

"அவர் இன்னும் கூப்பிடலையே மச்சான். ஒரு தடவைதான் கேட்டிருக்காரு."

"கேட்டப்ப நீங்க என்ன சொன்னீங்க?"

"என்ன சொல்வேன். திங்கக்கிழமை வந்துடுறியான்னாரு. நெஞ்சுல கை வச்சு, எனக்கு அந்தத் தகுதி இல்லீங்க, இந்த ஊர்ல என்னைவிடக் கைதேர்ந்தவங்க எத்தனையோ பேர் இருப்பாங்க, அவங்களுக்குக் குடுங்கன்னேன்."

"அவரு?"

"ஓகேன்னாரு. கை குலுக்கினாரு. ரொம்ப மரியாதையான ஆளு."

அன்று சாயந்தரம் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு அங்கே போனேன். அடித்தளத்தில் நால்வரும் உட்கார்ந்தோம். இந்த ஊரில் ஒரு தடவைதான் கேட்பார்கள், வேண்டாம் என்றால் வேண்டாம் என்றுதான் அர்த்தம் என்று விளக்கினேன். ஃபரீபா நம்பவில்லை.

"ஒரே தடவையா? அப்புறம் எப்படி இந்த ஊர்ல ஒருத்தர் வீட்டுல ஒருத்தர் சாப்பிடறாங்க?"

"முதல் தடவையே சாப்பிடுவாங்க."

"வெக்கமா இருக்காது?"

"பசி போயிடும்ல, வெக்கம் எங்க இருக்கும்?"

சியாமக் முகம் வெளுத்துப் போயிருந்தது. "அப்போ என்னை வேண்டாம்னு சொல்லிட்டாரா?"

"நீங்கதான் அவரை வேண்டாம்னு சொல்லிட்டீங்க. போய் ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சது. வாங்க, இப்பவே போலாம்."

அங்கேதான் யஸ்த்காரர் கல்லாகிவிட்டார். "நானே போய் நிக்கிறதா? முடியாது மச்சான். பொண்ணு வீட்டுலேருந்து வந்த தட்டைத் திருப்பி அனுப்பிட்டு, மறுநாள் அவங்க பின்வாசல்ல போய் எட்டிப் பாக்கிற மாதிரி. அவரா கேக்கட்டும்."

"அவர் கேக்க மாட்டாரு."

"அப்போ கிடங்கு இருக்கு" என்றார். தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

நான் போய் ரோக்கோவிடம் பேசுகிறேன் என்றதற்கும் சத்தியம் வாங்கித் தடுத்துவிட்டார். ஜன்னலில் அட்டை அப்படியே தொங்கியது. ஃபரீபா தினமும் ரொட்டி வாங்கப் போகிற சாக்கில் அதைப் பார்த்துவிட்டு வருவாள். அட்டை இருந்தால் அன்றைக்குச் சமையலில் உப்பு சரியாக இருக்கும். அட்டை இருக்கிறவரை வேலையும் இருக்கிறது. ஆனால் இந்த மனுஷரை வைத்துக்கொண்டு அது எத்தனை நாள் இருந்து என்ன?

"மொதல்ல இவரைப் பழக்கணும்" என்றாள். "நாளைக்கே அவர் வந்து ரெண்டாவது தடவை கேட்டாலும், இவர் ரெண்டாவது தடவை வேண்டாம்னுதான் சொல்லப் போறாரு. வாய் அப்படியே வளந்துடுச்சு."

பயிற்சி மறுநாள் காலையிலேயே தொடங்கியது. ஃபரீபா தேநீர்க் கோப்பையை நீட்டி, "டீ வேணுமா?" என்றாள். "உனக்கு எதுக்குச் சிரமம்" என்றார் சியாமக். அவள் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்த் தானே குடித்துவிட்டாள். மத்தியானம் மறுபடி. "இருக்கட்டும்மா." போச்சு. தர்லானும் கட்சி சேர்ந்துகொண்டாள். "அப்பா, கடைசித் துண்டு கோழி, வேணுமா?" "நீ சாப்பிடு கண்ணு." சாப்பிட்டுவிட்டாள். மூன்று நாள் மனுஷர் தேநீர் இல்லாமல் இருந்தார். எங்கள் நாட்டு ஆண்பிள்ளை மூன்று நாள் சோறில்லாமல்கூட இருந்துவிடுவான். நாலாம் நாள் காலை அவள் கெட்டிலைத் தொட்டதுமே படுக்கையறையிலிருந்து, "வேணும்" என்று ஒரு குரல் கேட்டதாம். பெர்னிஸ் அம்மாளே மேலேயிருந்து என்ன சத்தம் என்று கேட்டார் என்கிறாள் தர்லான்.

சாது ஆள் ஒன்றைக் கற்றுக்கொண்டால் அரைகுறையாகக் கற்றுக்கொள்ள மாட்டான். அதற்குப் பிறகு சியாமக் யார் எதைக் கேட்டாலும் வேணும், சரி, வர்றேன் என்று சொல்ல ஆரம்பித்தார்.

பெர்னிஸ் அம்மாள் முப்பது வருஷமாக வீட்டில் எதையும் தூக்கி எறியாதவர். எது கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிற ஆள் கிடைத்ததும் அவருக்குப் புது ரத்தம் ஊறியது. சியாமக் அவர் வாயில் சாம் ஆனார். "சாம், ஒரு சோபா இருக்கு, வேணுமா?" வேணும். "நடக்கிற மிஷின் ஒண்ணு, என் வீட்டுக்காரர் வாங்கினது, பாதிதான் ஓடும்." வேணும். மான் தலை ஒன்று வந்தது, சுவரில் மாட்டுவது. கண்ணாடிக் கண்ணோடு அது ஃபரீபா எங்கே நின்றாலும் அவளையே பார்த்தது. எதிர்வீட்டுக்காரர் ஃப்ளோரிடா போகிறபோது, கிளியைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்றார். முடியும். கிளி வந்தது. அது பிரெஞ்சில் திட்டும். தேவாலயப் பாட்டுக் குழுவில் ஆண் குரல் குறைகிறது என்றார் பெர்னிஸ் அம்மாள். அதற்கும் சரி.

"நீ முஸ்லிம், அவங்க தேவாலயத்துல போய் என்னத்தப் பாடுவே?" என்று ஃபரீபா தலையில் கை வைத்தாள்.

"கேட்டாங்க. நீதானே சரின்னு சொல்லச் சொன்னே? பின்வரிசைலதான் நிப்பேன். வாய மட்டும் அசைச்சாப் போதுமாம்."

பிப்ரவரி முடிவதற்குள் அந்த அடித்தளத்தில் நடப்பதற்கு ஒற்றையடிப் பாதை மட்டும் மிஞ்சியது. "அண்ணே, நம்ம அப்பா கடையில பொருள் வெளிய போகும், காசு உள்ள வரும். இங்க பொருள் மட்டும் உள்ள வந்துட்டே இருக்கு" என்றாள் ஃபரீபா. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். தெருவில் எல்லோரும் இப்போது சியாமக்குக்குக் கையசைத்தார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் எனக்கு அப்படி யாரும் கையசைத்ததில்லை, அந்த அம்மாளின் வாழ்த்து அட்டை மட்டும்தான்.

மார்ச் நடுவில் தேவாலயக் கூடத்தில் வசந்தகால விற்பனை. பெர்னிஸ் அம்மாள் கேட்டார்: "சாம், இனிப்பு ஏதாவது பண்ணித் தர முடியுமா? ஒரு முந்நூறு பேருக்கு."

"முடியும்" என்றார் சியாமக். சொன்ன பிறகுதான் தன் வீட்டு அடுப்பைத் திரும்பிப் பார்த்தார். அதில் ஒரு கோழி வைத்தால் கால் வெளியே நிற்கும்.

"அட, அதுக்கென்ன, ரோக்கோகிட்ட இல்லாத அடுப்பா" என்றார் பெர்னிஸ் அம்மாள். ரோக்கோவின் முதல் ரொட்டியிலிருந்து அவருக்கு வாடிக்கை. சியாமக் வாயைத் திறப்பதற்குள் மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு போய்க் கேட்டுவிட்டு வந்தார். வியாழக்கிழமை நாலு மணிக்கு மேல் கடை சாத்தியதும் அடுப்பு சும்மாதான் இருக்கும், வந்து செய்துகொள்ளட்டும் என்று சொல்லிவிட்டாராம் ரோக்கோ.

சியாமக்குக்குப் பின்வாங்கவும் வழியில்லை. சரி என்று சொல்லியாகிவிட்டது.

புதன்கிழமை ஃபரீபா போன் பண்ணினாள். குரல் தரையில் கிடந்தது. "அண்ணே, அட்டையக் காணோம்."

"காத்துல விழுந்திருக்கும்."

"உள்பக்கம் ஒட்டியிருந்த அட்டை அண்ணே. ஆள் கிடைச்சிருச்சு. அவர்கிட்ட சொல்லல. நாளைக்கு முந்நூறு பேருக்குப் பண்ணணும், கை நடுங்கினா சர்க்கரைப் பாகு கெட்டுப் போகும்."

மறுநாள் நானும் போனேன், பிஸ்தா உடைக்க. பாதை ஓரத்துப் பனியெல்லாம் கருத்து உருகிக்கொண்டிருந்தது. ஜன்னலில் நிஜமாகவே அட்டை இல்லை. உள்ளே ரோக்கோ முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு, அடுப்பைக் காட்டிவிட்டு ஒரு மூலையில் முக்காலி போட்டு உட்கார்ந்தார்.

சியாமக் சட்டைக்கையைச் சுருட்டினார். தர்லான் வாங்கித் தந்த வெள்ளைத் தொப்பி அப்போதுதான் முதல்முறையாகத் தலைக்கு ஏறியது. அந்த மனுஷருக்கு அன்றைக்கு இருந்த கைகளை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. மாவு அவர் சொன்னபடி கேட்டது. பலகையில் விரித்தபோது அடியில் இருந்த மரத்தின் ரேகை தெரிந்தது. பக்கத்தில் நின்று பிஸ்தா உடைத்த நான் அதில் பாதியைத் தின்றேன், அதைக்கூட அவர் கவனிக்கவில்லை. ரோக்கோ மட்டும் முக்காலியை ஒவ்வொரு அடியாக நகர்த்திக்கொண்டே வந்தார். இரண்டு மணி நேரத்தில் சுவரோரம் இருந்தவர் பலகையோரம் வந்துவிட்டார்.

"காபி குடிக்கிறியா?" என்று உறுமினார்.

"குடிக்கிறேன்" என்றார் சியாமக், வாக்கியம் முடிவதற்குள். ரோக்கோ கொஞ்சம் அசந்து போய்க் காபி போட்டுக் கொடுத்தார்.

முதல் தட்டு பாகில் ஊறி இறங்கியது. சியாமக் ஒரு துண்டைச் சின்னத் தட்டில் வைத்து ரோக்கோவிடம் நீட்டினார். "சாப்பிடுறீங்களா?"

ரோக்கோ வயிற்றைத் தடவிக்கொண்டு, "வேண்டாம் வேண்டாம், இப்பத்தான் சாப்பிட்டேன்" என்றார்.

"ஓகே" என்றார் சியாமக். தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

தட்டுக்காக நீண்ட ரோக்கோவின் கை காற்றிலேயே நின்றது. வாயும் பாதி திறந்திருந்தது. இந்த முகத்தை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று யோசித்தேன். காஷான் கம்பளம் வாசற்படி தாண்டிய அன்றைக்குக் கண்ணாடியில் பார்த்தது.

"ஏய், என்னப்பா இது?" என்றார் ரோக்கோ. "ஒரு தடவைதான் கேப்பியா? எங்க அம்மா வீட்டுல முதல் தடவையே வாங்கித் தின்னா முதுகுத்தோல உரிச்சுடுவா. வேண்டாம்னா இன்னொரு தடவ கேக்கணும்."

சியாமக் தட்டோடு திரும்பி நின்றார். "இந்த ஊர்ல ஒரு தடவைதான் கேக்கணும்னு சொன்னாங்களே."

"எவன் சொன்னான்?"

சியாமக் என்னைக் கை காட்டினார்.

"அது இந்த ஊர்க்காரங்களைப் பத்திச் சொன்னது" என்றேன் நான். வேறென்ன சொல்ல. பிறகு, சத்தியத்தை மீற வேண்டியிராத இந்த மாதிரி ஒரு சந்து மறுபடி கிடைக்காது என்று தோன்றியதால், "ரோக்கோ, அன்னைக்கு இவர் உங்ககிட்ட வேண்டாம்னு சொன்னாரே, அது எத்தனாவது வேண்டாம்னு நினைக்கிறீங்க?" என்றேன்.

ரோக்கோ என்னைப் பார்த்தார். சியாமக்கைப் பார்த்தார். சியாமக் தன் காலணியைப் பார்த்தார்.

"முதல்" என்றார் சியாமக், அடித்தொண்டையில். "முதல் வேண்டாம்."

"கடவுளே" என்றார் ரோக்கோ. முக்காலியில் சாய்ந்தார். "நான் என்ன நினைச்சேன் தெரியுமா? அடுப்பப் பாத்துட்டான், பழசா இருக்கு, நம்ம கடை இவனுக்குக் கேவலமாப் போச்சு, அதான் நாசூக்கா நழுவறான்னு. எட்டு வாரமா உள்ளுக்குள்ள எரிஞ்சுட்டிருக்கேன். ரெண்டு பயலுக வந்தானுங்க, ஒருத்தனுக்கு வெண்ணெய்க்கும் மார்கரினுக்கும் வித்தியாசம் தெரியல."

"அட்டையக் காணோமே?" என்றேன்.

"ஈஸ்டருக்கு ஜன்னல் கழுவினேன். அந்தா கிடக்கு." மாவு மூட்டை மேல் அட்டை கிடந்தது. அதை எடுத்து இரண்டாகக் கிழித்தார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, மாவு ஒட்டிய மூன்று விரலை உயர்த்தினார். "இப்ப ஒழுங்கா, எங்க அம்மா முறைப்படி, மூணு தடவை கேக்கறேன். செவ்வாய்க்கிழமை வேலைக்கு வ—"

"வர்றேன்" என்றார் சியாமக்.

ரோக்கோவுக்கு இரண்டு விரல் மிச்சம். மடக்கிக்கொண்டார். சியாமக்கின் கண்ணில் நீர் நின்றது. வெங்காயம் எதுவும் அங்கே இல்லை.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். அப்போது ரோக்கோ, "சம்பளம்... மணிக்கு ஒரு இருபது" என்றார். அதைச் சொல்லும்போது எங்களைப் பார்க்கவில்லை, அடுப்பைப் பார்த்தார். கடைத்தெருவில் பிறந்தவனுக்கு அது போதும். இருபது என்று அடுப்பிடம் சொல்கிறவன் மனசில் இருபத்து நாலு வைத்திருக்கிறான். வருத்தமான முகம் ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டு, ஒரு பெருமூச்சு விடுவதற்காக மூச்சை உள்ளே இழுத்தேன்.

"சரி" என்றார் சியாமக்.

இழுத்த மூச்சை என்ன செய்வதென்று தெரியவில்லை. இருமினேன். உலகத்திலேயே வேண்டாம் என்று சொல்ல வேண்டிய ஒரே கேள்வி அதுதான். எல்லாக் கேள்விக்கும் சரி சொல்லப் பழக்கினோம். இது ஒன்றை மட்டும் தனியாக எடுத்து வைக்க மறந்துபோனோம்.

வீட்டில் ஃபரீபா மூன்று பேரையும், கிளியையும் சேர்த்துக் கட்டிக்கொள்ளாத குறை. மான் தலையின் கொம்பில் தர்லான் வெள்ளைத் தொப்பியை மாட்டினாள். ஐந்து நிமிஷம் அப்படிப் போனது. பிறகு ஃபரீபா, "சம்பளம் என்ன சொன்னாரு?" என்றாள்.

"இருபது."

"நீ?"

"சரின்னேன்."

அவள் மெதுவாக என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, நீ எங்க இருந்தே?"

"பக்கத்துலதான். மூச்சு இழுத்துட்டிருந்தேன்."

வெள்ளிக்கிழமை அவள் ரோக்கோவுக்கு நன்றி சொல்லிவிட்டு வருகிறேன் என்று, நல்ல புடவை மாதிரி மடிப்புக் கலையாத தன் பச்சைக் கோட்டைப் போட்டுக்கொண்டு, ஒரு பெட்டி பக்லவாவோடு போனாள். அரை மணி நேரம் கழித்து என் கடைக்கு ரோக்கோவிடமிருந்து போன்.

"உன் தங்கச்சி இப்பத்தான் போறா" என்றார். அறுவடை முடிந்த வயல் மாதிரி இருந்தது குரல். "வந்ததும் நெஞ்சுல கை வச்சா. காசு பத்திப் பேச வரலைன்னா. உங்க கடையில வேலை செய்யறதே பாக்கியம், சம்பளமே வேண்டாம்னா. நான் அதெப்படின்னேன். சத்தியமா வேண்டாம்னா. அப்புறம் என்ன ஆச்சுன்னே எனக்குத் தெரியல. இருபத்து மூணரை. ஞாயிற்றுக்கிழமை லீவு. ஈஸ்டர் ரொட்டி ரெண்டு வேற கையில குடுத்து அனுப்பியிருக்கேன்."

"அதையாவது முதல் தடவையே வாங்கினாளா?"

"ரெண்டு தடவ வேண்டாம்னா. நாந்தான் கெஞ்சிக் குடுத்தேன்" என்றார் ரோக்கோ.